வெள்ளைத்தரைச் சிலந்தி

முந்தல்
12.09.2024

இன்ஷாபுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கினால் குற்றம் என் தலையில் விழும். ஆகவே அஸ்ஸலாமு அலைக்கும். அது அல்லாஹ்வுக்காகச் சொன்னது. உனக்குச் சொல்ல வேறு கதை இருக்கிறது.

எழுதுகிறது உன் வாப்பாவுக்கு மூத்தவள், கூடப்பிறந்த ராத்தா பளீலா. உனக்கு மாமி. மறந்திருப்பாய் என்று சொல்லிவைக்கிறேன். போனில் கதைத்தால் நீ பாதியில் கட் பண்ணிவிடுவாய். கடிதத்தை மூடி வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ. நீ விட்ட பிழைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன கிழமை பேத்தி நஸ்லியா பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "உம்மும்மா, இன்ஷாப் மாமா புதுசா ஒரு எட்டுக்கால் பூச்சி கண்டுபிடிச்சிருக்காராம். நம்மட ஊர் பேர் போட்டிருக்கு!" என்றாள். எனக்கும் ஒரு கணம் சந்தோசம்தான், மறைக்க மாட்டேன். "வாசி புள்ள" என்றேன். வாசித்தாள். முந்தல் களப்போரம், முத்தலிபு ஹாஜியாருக்குச் சொந்தமான, மனிதர் எவரும் பயன்படுத்தாத உப்புத் தரிசு நிலத்தில், ஓநாய்ச் சிலந்தி வகையில் இதுவரை யாரும் அறியாத ஒன்று. உலகத்திலேயே வேறெங்கும் இல்லை. தகப்பனாருக்கு மரியாதையாக அதற்கு 'முத்தலிபி' என்று பெயர்.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் வாசித்தாள்.

அது வெள்ளைத்தரை. உன் வாப்பாவின் இறால் குளத்துக்கு மேற்கே, களப்புத் தண்ணீருக்கு இஞ்சால் பக்கம், உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கிற தரை. என் நிக்காஹ்வுக்கு என் வாப்பா எனக்குக் கொடுத்தது. சபையில் வாயால் சொல்லிக் கொடுத்தார், உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அந்தக் காலத்தில் வாய் போதும். அன்றைக்கு உன் வாப்பா அந்தச் சபையில் உட்கார்ந்து வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றான். இப்போது அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையாம்.

வருகிற மார்ச்சில் களப்போரக் காணிகளுக்கு விசாரணை. உறுதி இல்லாத துண்டுகளை யார் ஆண்டு அனுபவிக்கிறார்கள் என்று பார்த்து அவர்கள் பெயரில் எழுதப் போகிறார்கள். உன் வாப்பா தன் விண்ணப்பத்தோடு என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? உன் ஆராய்ச்சியின் போட்டோகொப்பி. கடையில் நின்று ஊருக்கெல்லாம் காட்டுகிறான்: "என்ட மகன் டொக்டர் பட்டம் எடுத்தவன், அவனே எழுதியிருக்கான். காணி என்ட. அங்க ஒரு மனிசரும் கால் வைக்கிறல்ல."

நான் மனிசர் இல்லையா, இன்ஷாப்?

மாற்றி எழுது. காணி பளீலாவுடையது என்று எழுது. அங்கே மனிசர் வேலை செய்கிறார்கள் என்று எழுது. அந்தப் பூச்சியிலிருந்து அவன் பெயரைக் கழற்று.

பளீலா


கண்டி
27.09.2024

மதிப்புக்குரிய மாமிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. என் பல்கலைக்கழக முகவரிக்குப் பதிவுத்தபாலில் அனுப்பியிருந்தீர்கள். அலுவலகத்தில் எல்லோரும் நீதிமன்ற அழைப்பாணை என்று நினைத்தார்கள். வாசித்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நீங்கள் கேட்டவற்றில் பெயரை மாற்றுவது என் கையில் இல்லை. ஓர் உயிரினத்துக்கு முதன்முதலில் முறைப்படி வைக்கப்பட்ட பெயர் நிரந்தரமானது. வைத்தவனே பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது. இது எங்கள் துறையின் சட்டம். என்னைப் படிப்பித்தவர் வாப்பா. கச்சான் காற்றில் உப்பு வாய்க்கால் வெட்டிப் படிப்பித்தார். அவர் பெயரை வைத்ததில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

நிலம் யாருடையது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மாதிரி எடுத்த இடத்தை அடையாளம் காட்டவே அப்படிக் குறிப்பிட்டேன். எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து அதை 'நம்மட தரிசு' என்றுதான் சொல்வார்கள். 'மனிதர் பயன்படுத்தாத' என்று எழுதியது நான் பார்த்ததை. போன வருடம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பலமுறை அங்கே போனேன். ஒரு காலடித்தடம்கூட இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுத நான் காணித் தரகர் அல்ல.

உங்கள் இருவரின் வழக்கில் என் ஆராய்ச்சியை இழுக்க வேண்டாம். வாப்பா இழுத்தது பிழை என்றால் அதை அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. சிறு வயதில் எனக்குச் சந்தோசம் வந்தால் ஓடிவந்து உங்களிடம்தான் சொல்வேன். உம்மா மவுத்தான அன்று வீடு நிறையச் சனம். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே வேலிக்கு அப்பால் இருந்தும் நீங்கள் வரவில்லை. சொந்தத் தம்பியின் மனைவியுடைய மையத்துக்கு வராதவர், 'உனக்கு மாமி' என்று எனக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இன்ஷாப்


முந்தல்
06.10.2024

இன்ஷாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மையத்துக்கு வரவில்லை. ஓம். அதை முதலில் முடித்துவிடுகிறேன். என் வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அன்று, இந்தத் தரைக் கதை எழும்பி, உன் வாப்பா எல்லோருக்கும் முன்னால் "இனி என்ட வாசல்ல கால் வைக்காத" என்றான். நான் "வைக்க மாட்டேன், வல்லாஹி" என்றேன். சத்தியம் செய்தால் நான் காப்பேன். அவன் உள்ளே இருக்கிற வீட்டுக்குள் நான் வர மாட்டேன். ஆனால் மையத்து வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் நீங்கள் தின்ற சோறு எந்தக் குசினியிலிருந்து வந்தது என்று உன் ராத்தா அஸ்ரியாவிடம் கேள். நாரத்தங்காய் ஊறுகாயோடு வந்த சோறு. அதைத் தின்றுவிட்டுத்தான் நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனி உன் பூச்சிக்கு வருகிறேன்.

ஓநாய்ச் சிலந்தியாம். இந்த நாட்டில் ஓநாய் எங்கே இருக்கிறது? நரி இருக்கிறது. நரி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜூலையில் போனாயாம். ஒருத்தரும் இல்லையாம். ஜூலையில் கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசும். அந்தக் காற்றில் கருவாடு போட்டால் மண்ணைத்தான் விற்க வேணும். அப்போது நான் பாயைச் சுருட்டி வீட்டில் வைத்திருப்பேன். களப்பு வற்றி, தரை இறுகி, சாளை மீன் படுகிற ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வந்து பார். வெள்ளைத்தரையில் கால் வைக்க இடம் இருக்காது. எட்டுத் திசைக்கும் பாய்.

இது உனக்குத் தெரியாததா? தெரியாதவன் எழுதியிருந்தால் படிப்பில்லாதவன் என்று விட்டிருப்பேன். நீ அந்தப் பாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, நீளத் தடி ஒன்றைப் பிடித்துக் காகம் விரட்டினவன். ஒரு காகம் உன் தலையில் எச்சம் போட்டதற்கு அழுதாய். நான் என் முந்தானையால் துடைத்தேன். அப்போது அது யாருடைய தரை என்று உனக்குத் தெரிந்திருந்தது. "மாமி, உங்கட தரையில காகம் நிறைய" என்று நீதான் சொன்னாய். என் தரை என்று சொன்ன அதே வாய், படித்ததும் தரிசு என்கிறது.

ஒரு காலடித்தடமும் இல்லை என்றாய். அந்தக் காற்றில் யானை நடந்தாலும் தடம் நிற்காது. நீ மஃரிபுக்குப் பிறகு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்து திரிந்ததை நான் கண்டேன். களவெடுக்க வந்தவன் என்று நினைத்தேன். அப்படித்தான் ஆயிற்று.

பிடித்ததைச் சாராயப் போத்தலில் ஊறப்போட்டு வைத்திருக்கிறாய் என்று நஸ்லியா சொன்னாள். ஹாஜியார் முத்தலிபின் பெயரை ஒட்டிச் சாராயத்தில். அதை மட்டும் உன் வாப்பா கடையில் நின்று சொல்லமாட்டான். நான் சொல்லிவிட்டேன்.

பளீலா


கண்டி
20.10.2024

மாமிக்கு,

அது சாராயம் அல்ல, மாதிரிகள் அழுகாமல் இருக்க ஊற்றும் மதுசாரம். குடிக்க முடியாது. ஊரில் நீங்கள் பரப்பிய கதையை அடக்க வாப்பா பள்ளிவாசலில் விளக்கம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. உங்களுக்கு நல்ல திருப்தியாக இருக்கும்.

காகத்தை நான் மறந்ததாக நினைக்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது வேறு, ஓர் ஆய்வாளன் எழுதுவது வேறு. ஆய்வின்போது கண்டதைத்தான் எழுத முடியும். கண்டதை எழுதினேன். அதோடு, கருவாடு காயப்போடுகிறவர் எல்லோரும் காணிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்கள்.

நீங்கள் பூச்சி பூச்சி என்று எள்ளுகிற அது என்ன என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். அது வலை பின்னாது. உப்புத்தரையில் சாய்வாகப் பொந்து தோண்டி இருக்கும், ஓடி வேட்டையாடும். அதனால்தான் ஓநாய் என்கிறோம். எட்டுக் கண். அதில் இரண்டு பெரியவை, வெளிச்சம் பட்டால் மினுங்கும். உடம்பு உப்பு நிறம், அசையாமல் இருந்தால் நீங்கள் மிதித்தாலும் தெரியாது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை களப்போரம் முழுவதும் தேடினேன். உடப்பில் இல்லை. மதுரங்குளிப் பக்கம் இல்லை. வாப்பாவின் குளக்கட்டுகளிலும் இல்லை, அந்த மண் புரண்டுபோய்விட்டது. இந்தப் பூமியில் அதற்கு இருக்கிற இடம் நீங்களும் வாப்பாவும் இழுபறிப்படுகிற அந்த ஒரே துண்டு. அதை உலகம் அறிய வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். உறுதியில் யார் பெயர் என்பது அல்ல.

வாப்பா அங்கே இறால் குளம் வெட்டப் போகிறார் என்று ஊரில் கதைக்கிறீர்களாம். கேட்டேன். அப்படி எந்த எண்ணமும் இல்லை என்றார். வாப்பா என்னிடம் பொய் சொல்ல மாட்டார்.

இன்ஷாப்


முந்தல்
03.11.2024

இன்ஷாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பொய் சொல்ல மாட்டாராம். கிழக்கு மூலையில் போய்ப் பார், சிவப்புப் பெயின்ட் பூசின கட்டைகள் அடித்திருக்கிறது. சிலாபத்திலிருந்து இரண்டு பேர் நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். குளம் வெட்ட இல்லாமல் மாடு கட்டவா அந்தக் கட்டை?

நான் காணிக் கந்தோருக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருக்கிற மிஸ் நல்ல மனிசி, தமிழ் கதைப்பாள். "உம்மா, நாங்க வரக்கொள்ள காணியில என்ன இருக்கோ அதத்தான் பார்ப்போம். மரம், வேலி, கிணறு, குளம், ஏதாவது அபிவிருத்தி. வெறுந்தரையாக் கிடந்தா யாரும் ஆளல்லண்டுதான் அர்த்தம்" என்றாள். கருவாட்டைப் பாயோடு சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் தரையில் என்ன மிஞ்சும்? நாற்றம் மிஞ்சும். நாற்றத்தை ஃபைலில் போட ஏலாதே. அதோடு உன் எழுத்து வேறு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே நான் முடிவு எடுத்துவிட்டேன். மதுரங்குளியில் மண் தோண்டுகிற பெக்கோ மெசின் வைத்திருக்கிறவனோடு கதைத்திருக்கிறேன். மழை விட்டு, ஜனவரியில் தரை இறுகினதும் வருவான். வெள்ளைத்தரை முழுக்கப் புரட்டி, நான்கு பக்கமும் கட்டுப் போட்டு, நடுவில் தென்னங்கன்று. அப்போது மிஸ் வந்து பார்க்கட்டும் யார் ஆளுகிறது என்று.

உன் முத்தலிபி சாராயத்தில் மட்டும் மிச்சமிருக்கும்.

பளீலா


கண்டி
09.11.2024

மாமி,

இது மிரட்டல். இப்படி ஒரு வேலையை வாப்பாகூடச் செய்யமாட்டார் என்று எழுதத் தொடங்கிவிட்டு, கட்டைகளை நினைத்து நிறுத்திவிட்டேன். அஸ்ரியா ராத்தா போய்ப் பார்த்துப் படம் அனுப்பினாள். வாப்பா இப்போது "சும்மா அளந்து வச்சன்" என்கிறார்.

உங்களில் ஒருவர் குளம் வெட்டி அழிப்பார், மற்றவர் தென்னை வைத்து அழிப்பார். அழிந்த பிறகு இருவரும் சேர்ந்து கத்தம் ஓதுங்கள். ஒரு வம்புக்காக, ஓர் உயிரை இந்த உலகத்திலிருந்தே துடைத்துப்போட ஒருவருக்கு மனம் வரும் என்று நான் நினைத்ததில்லை. உங்களிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

பெக்கோவை நிறுத்த என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள்.

இன்ஷாப்


முந்தல்
22.11.2024

இன்ஷாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை விடாமல் பெய்கிறது. களப்பு ஏறி வெள்ளைத்தரை தண்ணீருக்குள். உன் பூச்சிகள் மேட்டில் ஒண்டி இருக்கும், நீ பயப்படாதே. என்னைவிட அவற்றுக்குப் பிடிவாதம் அதிகம்.

என்ன செய்ய வேணும் என்று கேட்டாய். இத்தனை கடிதத்தில் நீ கேட்ட முதல் நல்ல கேள்வி.

எனக்காகப் பொய் எழுத வேண்டாம். உன் பொய் எனக்குத் தேவையில்லை. பெப்ரவரியில் வா. பகலில் வா. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அல்ல, முகத்தில் இருக்கிற இரண்டு கண்ணோடு வா. உன் பூச்சிக்கு எட்டு, உனக்கு இரண்டு போதும். பாய் விரித்திருக்கிறதா, மனிசர் இருக்கிறார்களா, பூச்சி அதற்குள் எப்படிச் சீவிக்கிறது, பார். கண்டதை எழுதுகிறவன் என்கிறாயே, கண்டதை எழுது. ஒருத்தரையும் காணாவிட்டால் ஒருத்தரும் இல்லை என்று எழுது, நானே கையெழுத்து வைத்துத் தருகிறேன்.

அதுவரைக்கும் பெக்கோக்காரனை நிறுத்தி வைப்பேன்.

என் வீட்டுக்கு வராதே. எனக்கு ஸலாம் சொல்லாதே. வந்ததாகவே எனக்குத் தெரியாது.

பளீலா


கண்டி
26.02.2025

மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வந்தது உங்களுக்குத் தெரியும். நான் களப்போரம் குந்தியிருந்தபோது, என் பக்கத்தில் ஒரு காகமும் இல்லாத நேரத்தில், தடியை ஓங்கிக்கொண்டு "போ கள்ளா, போ!" என்று கத்தினீர்கள். உங்களோடு வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். குறித்துக்கொண்டேன், ஆனால் கட்டுரையில் சேர்க்கவில்லை.

கண்டதைச் சொல்கிறேன். தரையின் மேற்குப் பாதி முழுவதும் பாய்கள், சாளைக் கருவாடு. உப்புப் பொருக்கு உடையாமல் எல்லோரும் வெறுங்காலோடு ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார்கள். பாய் ஓரங்களின் நிழலில்தான் பொந்துகள் அதிகம். கருவாட்டுக்கு ஈ வருகிறது, ஈக்குச் சிலந்தி வருகிறது. ஜூலையில் நான் கண்டதைவிடப் பல மடங்கு. பெட்டைகள் முட்டைப் பையை வயிற்று நுனியில் ஒட்டிக்கொண்டு பாய்க்குக் கீழே ஓடுகின்றன. ஆகவே 'மனிதர் பயன்படுத்தாத நிலம்' அல்ல அதன் வாழிடம். மனிதர் ஆண்டில் சில மாதம் ஒரு குறிப்பிட்ட விதத்தில் பயன்படுத்தி, மிச்ச மாதங்களில் சும்மா விடுகிற நிலம். முழுதும் விட்டாலும் அது இந்த அளவுக்கு இருக்குமா என்று இப்போது எனக்குச் சந்தேகம். புரட்டினால் இராது என்பதில் சந்தேகமே இல்லை.

திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன், சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. இடம்: பளீலா என்பவர் கருவாடு உலர்த்தும் வெள்ளைத்தரை. ஒரு பிரதியைத் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, காணிக் கந்தோருக்கும் அனுப்பினேன். வாப்பாவுக்கும் ஒன்று. அவர் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. வேறு எதைப் பற்றியும் கதைக்கவில்லை.

போத்தலுக்குள் கிடக்கும், இடத்தைக் குறித்த பழைய கடதாசித் துண்டில் 'முத்தலிபு தரிசு' என்று இருக்கிறது. அதைக் கிழிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. முதலில் எழுதியது பிழையானாலும் அப்படியே கிடக்கும், சரியானதை வேறு துண்டில் எழுதி அதே போத்தலுக்குள் போட வேண்டும். போட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக மிதக்கின்றன.

பெயர் மாறாது. அதை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். வெளிநாட்டில் ஒருவர் இது நான் சேர்த்த பேரினத்தில் சேராது, பக்கத்துப் பேரினத்தில் சேர வேண்டும் என்று வாதாடுகிறார். அவர் வென்றால் குடும்பத்துக்குள் அதன் இடம் மாறும். முன்பெயர் மாறும். அப்போதும் 'முத்தலிபி' என்பது கூடவே போகும்.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. சிலந்திக்காகச் செய்தேன். அதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்.

சோற்றைப் பற்றி ராத்தாவிடம் கேட்டேன். ஊறுகாய் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்ஷாப்


முந்தல்
08.04.2025

இன்ஷாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்துவிட்டது, வாழ்த்துச் சொல்ல நான் பிந்திவிட்டேன். நீயும் சொல்லவில்லை. கணக்கு நேர்.

விசாரணை நோன்பு காலத்தில் வந்தது. எல்லோருக்கும் தொண்டை வறண்டு போய், கந்தோர் விறாந்தையில் வாங்கில் இருந்தோம். உன் வாப்பா வெள்ளை ஜுப்பா, அத்தர் மணம். மிஸ் கூப்பிட்டதும் எழும்பி நின்று, "மிஸ், அந்தத் தரையில யாரும் கால் வைக்கிறல்ல. என்ட மகனே எழுதியிருக்கான். டொக்டர் பட்டம் எடுத்தவன்" என்று போட்டோகொப்பியை நீட்டினான்.

மிஸ் ஃபைலைப் புரட்டி உன் மற்றக் கடதாசியை எடுத்தாள். "இதுவும் உங்கட மகன் எழுதினதுதானே, ஹாஜியார்?"

"அவன் பூச்சி பிடிக்கிறவன் மிஸ். காணி விசயம் அவனுக்கு என்ன தெரியும்?"

நான் சும்மா இருக்கத்தான் நினைத்தேன். நோன்பு வேறு. வாய் கேட்கவில்லை. "இந்தப் பக்கம் நீட்டக்கொள்ள டொக்டர், அந்தப் பக்கம் நீட்டக்கொள்ள பூச்சி பிடிக்கிறவனா?" என்றேன். விறாந்தை முழுக்கச் சிரித்தது. உன் வாப்பாவின் காது சிவந்ததைக் கண்டேன். சின்ன வயதில் களவு பிடிபட்டாலும் அதே காதுதான் சிவக்கும்.

பிறகு எல்லோரும் வேனில் வந்து தரையைப் பார்த்தார்கள். பாய் விரித்திருந்தது. மிஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒற்றையடிப் பாதையில் வந்தாள். "இவ்வளவு காலமும் ஏன் உம்மா ஒரு வேலி போடல்ல?" என்று கேட்டாள். "வேலி போட்டா காத்து நிக்கும். காத்து நிண்டா கருவாடு புழுக்கும்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

போன வியாழன் கடிதம் வந்தது. வெள்ளைத்தரை பளீலா பெயரில். நஸ்லியாவை வாசிக்க விடாமல் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

ஆனால் கீழே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். புரட்டக்கூடாது, நிரப்பக்கூடாது, குளம் வெட்டக்கூடாது, தென்னை வைக்கக்கூடாது, இப்போது செய்கிற வேலையைத் தவிர வேறொன்றும் செய்யக்கூடாது. உன் பூச்சி உன் வாப்பாவின் கையைக் கட்டினதோடு என் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. நாளைக்கு நஸ்லியாவுக்கு வீடு கட்ட அதில் ஒரு மூலை கொடுக்க ஏலாது. இதை நீ முன்னுக்கே சொல்லவில்லை. அதையும் நான் மறக்கமாட்டேன்.

உன் வாப்பா பெருநாளன்று உனக்குக் கேற்றைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நீ உடுப்புப் பையோடு திரும்பி பஸ் ஏறினாயாம். நான் அழைக்கவில்லை, அழைக்கவும் மாட்டேன். என் வீட்டு முன்னறை கருவாடு நாறும். நாற்றம் பொறுக்கிறவன் வந்து படுக்கலாம், அவ்வளவுதான். தரையில் இறங்குவதென்றால் இனிமேல் என்னிடம் கேட்டுவிட்டு இறங்க வேணும். காணி யாருடையது என்று இப்போது உனக்கு எழுத்திலேயே இருக்கிறது.

போத்தலில் கிடக்கிற பழைய துண்டைக் கிழிக்கச் சொல்லி முன்பென்றால் சண்டை பிடித்திருப்பேன். கிழிக்காதே. நூறு வருசம் கழித்து எடுத்துப் பார்க்கிறவனும் இவன் முதலில் பிழையாய் எழுதினவன் என்று அறியட்டும்.

பெயரையும் மாற்ற வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எந்தக் குடும்பத்தில், எந்தப் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் அது முத்தலிபுதான் என்றாய். சரி, இருக்கட்டும்.

இந்தக் கிழமை கடைசிப் பாய்களைச் சுருட்டுகிறோம். முன்பெல்லாம் பாயை ஒரே உதறாக உதறிவிடுவேன், கீழே என்ன கிடந்தாலும் பறக்கும். இப்போது ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்குகிறேன். நேற்று ஒன்று இருந்தது, முதுகு நிறையக் குஞ்சு. என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. குனிந்து, "முத்தலிபு, எழும்பு தம்பி, இது ராத்தாட காணி" என்றேன்.

எழும்பி ஓடினான். எதிர்த்து ஒரு சொல் கதைக்கவில்லை. தூரப் போகவும் இல்லை, அடுத்த பாய்க்குக் கீழே போய் இருந்துகொண்டான். நான் விட்டுவிட்டேன். உறுதி இல்லாதவன் வேறு எங்கே போவான்.

பளீலா